காயமும் பெயரும்

சோம்நாத் ஹோரின் ‘காயங்கள்’ வரிசையைப் புகைப்படத்தில் பார்க்கிறவன் முதலில் ஏமாந்துதான் போவான். வெள்ளைத் தாள். அதன்மேல் ஏதோ சுருக்கம், ஒரு கீறல், ஓரத்தில் சிறு பள்ளம். மையில்லை, கோடில்லை, நிறமில்லை. ஓரிரண்டில் மட்டும் கொஞ்சம் சிவப்பு தலைகாட்டும். நேர் வெளிச்சத்தில் படமெடுத்தால் அதுவும் தெரியாது. பக்கவாட்டில் வெளிச்சம் விழவேண்டும். பார்க்கிறவனும் கொஞ்சம் நகர்ந்து நிற்கவேண்டும். அப்போதுதான் தாள் கிழிபட்டிருப்பதும், கிழிபட்ட இடத்தின் விளிம்பு தோலைப் போல மடங்கி வீங்கியிருப்பதும் கண்ணில் படுகிறது. நம் பத்திரிகைகள் அச்சாகும் தாளில் இதற்குப் பிளாக் செய்து போட்டால் வெறும் சாம்பல் கட்டம்தான் மிஞ்சும். ஆகவே படம் இல்லாமலேயே எழுதவேண்டியிருக்கிறது.

இந்த வரிசையைப் பற்றிப் பேச்சு வந்தபோது நண்பர்கள் இருவர் சொன்னவை ஞாபகத்துக்கு வருகின்றன. ஒருவர், “இப்போதுதான் இந்த மனுஷன் கலைஞனாகியிருக்கிறார், அதுவரை பிரச்சாரம்” என்றார். இன்னொருவர், “தேபாகா விவசாயிகளை வரைந்த கை கடைசியில் வெள்ளைத்தாளில் வந்து செத்துவிட்டது” என்றார். இருவரும் ஒரே தவறைத்தான் எதிரெதிர் திசையிலிருந்து செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உருவமா உள்ளடக்கமா என்கிற சண்டையை நாம் இருபது முப்பது வருஷம் போட்டு முடித்தாயிற்று. முடித்தோமா, அலுத்துப்போய் விட்டுவிட்டோமா என்பது வேறு விஷயம். ஹோரின் வெள்ளைத்தாள் எழுப்புகிற கேள்வி அதுவல்ல. அது தார்மீகக் கேள்வி. பட்டவனுடைய பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டு அவன் காயத்தை மட்டும் காட்ட ஒருவனுக்கு உரிமை உண்டா? காட்டினால் குற்றவாளி தப்பித்துக்கொள்ள மாட்டானா?

இதைப் பேச அவர் எங்கிருந்து வந்தார் என்று பார்க்கவேண்டும். 1921ல், இன்று பங்களாதேஷில் இருக்கும் சிட்டகாங் ஜில்லாவின் பராமா கிராமத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தவர். இருபது வயதை ஒட்டிய பருவத்தில் மூன்று விஷயங்கள் அடுத்தடுத்து அவர்மேல் விழுந்தன: 1942ல் சிட்டகாங் பக்கம் ஜப்பானிய விமானங்கள் போட்ட குண்டு, கம்யூனிஸ்ட் கட்சி, 1943ன் வங்கப் பஞ்சம். பஞ்சத்தில் செத்துக்கொண்டிருப்பவர்களை வரைய அவரைத் தெருவுக்கு அழைத்துப்போனவர் சித்தப்பிரசாத். அந்தச் சித்திரங்கள் கட்சிப் பத்திரிகையான ‘ஜனயுத்த’வில் வந்தன. முறையான ஓவியப் பயிற்சியெல்லாம் பிற்பாடுதான், கல்கத்தா கலைக்கல்லூரியில். அங்கே பாடம் சொன்ன ஜைனுல் ஆபேதீனும் பஞ்சத்தை வரைந்து பெயர்பெற்றவர் என்பது தற்செயலாக இருக்க முடியாது. வங்காளத்தில் ஒரு தலைமுறைக்கே கோடு போடக் கற்றுக்கொடுத்தது எலும்புதான்.

அந்தப் பஞ்சம் எப்படி வந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; பின்னால் வரப்போகிற வாதம் இதன்மேல்தான் நிற்கிறது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஜப்பானியர் கடல்வழி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் பிரிட்டிஷ் சர்க்கார் கரையோர ஜில்லாக்களிலிருந்து அரிசியை அப்புறப்படுத்தியது. பத்துப்பேருக்குமேல் ஏறக்கூடிய நாட்டுப்படகுகளை ஆயிரக்கணக்கில் பறித்தது, உடைத்தது. ஆறும் வாய்க்காலுமே ரோடாக இருந்த தேசத்தில் படகைப் பிடுங்குவது காலை வெட்டுவதற்குச் சமம். மீனவன், குயவன், அக்கரையில் நிலம் வைத்திருந்தவன் எல்லோரும் ஒரே நாளில் முடமானார்கள். அந்த அக்டோபரில் மேதினிபூர்ப் பக்கம் புயல் அடித்தது. நெல்லில் நோயும் கண்டது. கல்கத்தாவுக்கும் யுத்தத் தொழிற்சாலைகளுக்கும் முதலில் அரிசி போயிற்று. விலை ஏறியது, பதுக்கல் ஏறியது. 1945ல் விசாரணைக் கமிஷன் சாவை 15 லட்சம் என்றது. பின்னால் கணக்கிட்டவர்கள் 20, 30 லட்சம் வரை போகிறார்கள். புயலும் பூஞ்சையும் பொய்யல்ல. ஆனால் அமர்த்தியா சென் 1981ல் எழுதிய புத்தகம் சொல்வதுபோல, அரிசி இல்லாமல் போனதைவிட அரிசியை வாங்க வழி இல்லாமல் போனதுதான் ஆட்களைக் கொன்றது. மண்ணின் ஈரத்தை மாதிரிக் கணக்கு வைத்து மதிப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2019ல் வந்தது. அதுவும் 1943ஐ வறட்சியின் கணக்கில் எழுத முடியாது என்றுதான் சொல்கிறது. ஆட்சியில் இருந்தவர்களுக்கோ இயற்கை எப்போதும் வசதியான சாட்சி. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி.

சித்தப்பிரசாத் அதே 1943 நவம்பரில் மேதினிபூரைச் சுற்றிவந்து ‘பசித்த வங்காளம்’ என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். சர்க்கார் பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. தப்பிய ஒன்றிலிருந்துதான் பிற்காலத்தில் அது மறுபடி அச்சாயிற்று. அந்தச் சித்திரங்களின் அடியில் அவர் ஆளின் பெயரும் ஊரும் எழுதிவைத்தார். இது சின்ன விஷயமல்ல. பஞ்சத்தில் சாகிறவனுக்கு முதலில் போவது பெயர்தான். அதற்கப்புறம் அவன் ‘நிவாரணம் தேவைப்படுவோர்’, பிறகு ‘அனாதைப் பிணம்’, கடைசியில் லட்சத்தில் ஒரு பின்னம். பென்சிலால் பெயர் எழுதுவது அந்தக் கணக்குக்கு எதிராகச் செய்கிற காரியம். எரிக்கும்படி சர்க்காரைத் தூண்டியதில் கோட்டுக்குப் பங்கு உண்டென்றால் பெயருக்கும் பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒரு சங்கடம் விடாமல் உறுத்துகிறது. ஒருவனை வரைய நேரம் பிடிக்கும். காமிராக்காரன் ஒரு கணத்தில் குற்றத்தைச் செய்துவிட்டுப் போய்விடுவான்; வரைகிறவன் உட்காரவேண்டும், விலா எலும்பை எண்ணவேண்டும், கோடு சரியாக விழாவிட்டால் அழித்துத் திரும்பப் போடவேண்டும். அவ்வளவு நேரமும் எதிரில் இருப்பவனுக்குப் பசிக்கிறது. கோடு நன்றாக விழுந்தால் வரைகிறவனுக்கு ஒரு சந்தோஷம் வருமே, அதை எங்கே வைப்பது? தன் தொழிலை அறிந்த எந்த ஓவியனும் அந்தச் சந்தோஷம் வரவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னால் பொய். இதற்குப் ‘பிரச்சாரம்’ என்று பெயர் வைத்துவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடாது. ‘கலை’ என்று பெயர் வைத்தாலும்தான்.

தேபாகா வந்தபோது நிலைமை வேறு. 1946 டிசம்பரில் கட்சி ஹோரை வடவங்காளத்து ரங்கபூருக்கு அனுப்பியது. குத்தகை விவசாயிகள் விளைச்சலில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு எழுந்திருந்தார்கள்; அறுத்த நெல் ஜோத்தேதாரின் களத்துக்குப் போகாமல் தங்கள் களத்துக்கு வரவேண்டும் என்றார்கள். களம் யாருடையது என்பதில்தான் எல்லாமே இருந்தது. நெல் எவன் களத்தில் விழுகிறதோ அவன் கையில்தான் மரக்கால். ஹோர் அங்கே இருந்துகொண்டு டைரி எழுதினார், வரைந்தார். பிற்பாடு புத்தகமாக வந்திருக்கும் அந்தச் சித்திரங்களில் பசி இல்லாமலில்லை. ஆனால் ஆட்கள் நிற்கிறார்கள். அரிவாளோடு, கழியோடு, இரவுக் கூட்டத்தில் விளக்கைச் சுற்றி. தன்னை எவனோ வரைகிறான் என்பதைத் தெரிந்துகொண்டு வரையப்படுகிறவர்கள் இவர்கள். பிச்சை கேட்கும் கையை வரைவதில் உள்ள கூச்சம் இங்கே இல்லை. என்னைக் கேட்டால், ஹோரின் வாழ்க்கையில் ஓவியனும் பொருளும் ஒருவரையொருவர் நேருக்குநேர் பார்த்துக்கொண்ட சில வாரங்கள் அவை. அவற்றிலிருந்து பிறந்த மரச்செதுக்குகளில் சீனத்து வாடையும் கேத்தே கோல்விட்ஸின் வாடையும் அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும். கோல்விட்ஸும் அச்சுக்காரி, சிற்பி இரண்டும்தான். 1914ல் பதினெட்டு வயது மகனை யுத்தத்தில் பறிகொடுத்துவிட்டு, அவனுக்காகக் குனிந்து மண்டியிட்ட தாய் தகப்பன் சிலையை 1932 வரை செய்துகொண்டிருந்தவர். அங்கேயும் காயத்துக்கு முகம் இருந்தது. அது அவர் முகம்.

பிறகு ஹோர் மரத்திலிருந்து உலோகத்துக்குப் போனார். ஐம்பதுகளில் கட்சியைவிட்டு விலகினார். 1958லிருந்து டெல்லியில் அச்சுக்கலைத் துறையைப் பார்த்துக்கொண்டார். அறுபதுகளின் முடிவில் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார். இந்தத் தேதிகளைவிட எச்சிங் என்கிற காரியமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செப்புத் தகட்டிலோ துத்தநாகத்திலோ மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போடவேண்டும். கீறின இடத்தை அமிலம் கடித்துத் தின்னும். தின்ற பள்ளத்தில் மையை அப்பி, மேலே துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து யந்திரத்தில் நசுக்கவேண்டும். தகட்டின் புண்ணில் நின்ற மைதான் தாளில் படமாக வருகிறது. புண் இல்லாத தகட்டில் படம் இல்லை. நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்கிறவன், அதுவும் 1943ஐப் பார்த்தவன், தன் கை செய்கிற காரியம் என்ன என்று ஒருநாள் யோசிக்காமல் இருக்கமாட்டான். படம் காயத்தைப் பற்றியது என்பது போக, காயமே படமாகிவிடுகிறது.

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இன்னொரு அச்சும் தெரியும். விவசாயக் கடன் பத்திரத்தில் கிழவர்கள் வைக்கிற இடதுகைப் பெருவிரல். அந்த விரலை மைப்பெட்டியில் வைத்து உருட்டி, பத்திரத்தில் அழுத்திக் கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பல விரல்களில் ரேகை சரியாக விழாது. களைக்கொத்தும் சுண்ணாம்பும் தேய்த்துவிட்டிருக்கும், குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஓடும். தாளில் அந்தத் தழும்பு வெள்ளைக் கோடாக வரும். தெளிவாக இல்லை என்று திரும்ப வைக்கச் சொல்லுவேன். அந்த வெள்ளைக்கோட்டைப் படமாகப் பார்க்க எனக்கு ஹோர் தேவைப்பட்டார் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கீழேயே ஆளின் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சட்டம்கூடப் பெயரில்லாத ரேகையை ஒத்துக்கொள்வதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ‘காயங்கள்’ வருகிறது. களிமண் பலகையைக் கத்தியால் கிழித்து, குத்தி, அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, அந்த அச்சில் காகிதக் கூழை அமுக்கிக் காயவைத்துப் பிரித்தெடுப்பது. மை கிடையாது, அமிலம் கிடையாது. அச்சுக்கலைக்கும் சிற்பத்துக்கும் நடுவில் இருந்த சுவர் இங்கே இடிந்துவிடுகிறது. படம் தாளின் மேல் இல்லை, தாளே படம். இதைப் பற்றி ஹோரே பேசியிருக்கிறார்: எங்கும் தான் கண்டது காயங்களையே என்றும், வடுப்பட்ட மரம், லாரிச் சக்கரம் கிழித்த ரோடு, காரணமில்லாமல் கத்திக்குத்துப் பட்ட மனிதன் என்று எல்லாவற்றிலும் அதையே கண்டதாகவும், பொருள் போய்விட்டது, காயம் மட்டும் நின்றது என்றும்.

இங்கேதான் எனக்கு ஆட்சேபணை. மரமும் ரோடும் மனிதனும் ஒரே மூச்சில் வரலாமா? குத்துப்பட்டவனுக்குப் பெயர் இருந்தது. அது 1970, 71ன் வங்காளம். கல்கத்தாத் தெருவில் நக்ஸலைட் கையாலும் போலீஸ் கையாலும் அடுத்த கட்சிக்காரன் கையாலும் பையன்கள் செத்துக்கொண்டிருந்த காலம். எல்லைக்கு அப்பால், ஹோர் பிறந்த மண்ணில், பாகிஸ்தான் ராணுவம் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்த வருஷம். காரணம் தெரியவில்லை என்று அப்போது யாரும் சொல்லியிருக்க முடியாது. காரணங்கள் மலிந்து கிடந்தன. ஏறக்குறைய ஒவ்வொரு கொலைக்கும் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. காரணத்தையும் பெயரையும் ஒருங்கே எடுத்துவிட்டு மரத்தின் பக்கத்தில் மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தினால், முன்னே சொன்ன அந்த வசதியான சாட்சி திரும்பக் கூண்டில் ஏறிவிடுகிறது. பஞ்சம் புயலால் வந்தது, சாவு காலத்தால் வந்தது, எல்லாம் துக்கம், எல்லோருக்கும் துக்கம். ஜோத்தேதாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்த வெள்ளைத்தாளை விலைக்கு வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளலாம். உண்மையில் வாங்கி மாட்டியுமிருக்கிறார்கள். நவீன ஓவியத்தின் இன்றைய ஏலச் சந்தையில் ஹோர் விலையுள்ள பெயர்.

இந்த ஆட்சேபணையை நான் வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் முழுவதும் விடவில்லை. ஆனால் அசல் இரண்டொன்றை ஒரு கண்காட்சியில் பக்கவாட்டில் நின்று பார்க்கிற சந்தர்ப்பம் கிடைத்தபோது, நான் கவனிக்கத் தவறிய ஒன்று தெரிந்தது. அவர் சொன்ன அந்த மூன்றையும் திரும்பப் பாருங்கள். மரம் தானாகப் பட்டுப்போகவில்லை, வடுப்பட்டிருக்கிறது. ரோடு மழையில் கரையவில்லை, லாரி கிழித்திருக்கிறது. மூன்றிலும் ஒரு செய்கை இருக்கிறது. மூன்றும் வேகத்தில், அலட்சியத்தில், வெறியில் மனிதன் செய்தவை. இயற்கை மூன்றிலும் இல்லை. தாளிலும் அப்படித்தான். வெடிப்போ அரிப்போ அல்ல அங்கே இருப்பது. கத்தி இறங்கின இடம், திரும்பின இடம், உருவப்பட்ட இடம் தனித்தனியாகத் தெரிகிறது. பட்டவன் போய்விட்டான், வாஸ்தவம். ஆனால் வெட்டினவன் தாளைவிட்டுப் போகவில்லை. அந்தக் கை யாருடையது என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: ஹோருடையது. அவர்தான் அந்தக் களிமண்ணைக் கிழித்தவர்.

சித்தப்பிரசாத் பட்டவனின் பெயரை எழுதிச் செய்தவன்மேல் விரலை நீட்டினார். ஹோர் செய்தவனின் இடத்தில் போய் நின்றுகொண்டு கத்தியை எடுத்துப் பார்க்கிறார், அது கையில் எப்படி உட்காருகிறது என்று. 1943ல் பசித்தவன் எதிரில் உட்கார்ந்து கோடு நன்றாக விழுந்ததற்குச் சந்தோஷப்பட்ட அந்தக் கை, தன்னையே சாட்சியாகவும் குற்றவாளியாகவும் வைத்துக்கொண்ட இடம் இது என்று நான் படித்துக்கொள்கிறேன். ஹோர் இப்படிச் சொன்னதாக எங்கும் படித்ததில்லை. இது என் வாசிப்பு. தவறாக இருந்தால் பழி எனக்கு.

இதற்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. எல்லோர் கையும் கத்திதான் என்று ஒப்புக்கொள்வது கேட்க உயர்வாக இருக்கும். நடைமுறையில் யார் கையிலும் ரத்தம் இல்லை என்பதற்குத்தான் அது உதவும். படகைப் பிடுங்க உத்தரவு போட்டவனும் கூழ் கிண்டுகிற ஓவியனும் ஒரே அளவு குற்றவாளிகள் அல்ல. இந்த இடத்தில் வெள்ளைத்தாள் மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தை அதன் ஆழம் என்று எழுதுகிற விமர்சகர்கள் இருக்கிறார்கள். நான் அதைக் குறை என்றே எழுதுவேன்.

இப்போது ஹோரைச் சுற்றுச்சூழல் கலையின் முன்னோடி என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். வடுப்பட்ட மரம் என்ற ஒரு சொல் போதும் போலிருக்கிறது. ஜெர்மானியரான ஜோசஃப் பாய்ஸ் 1982ல் காஸல் நகரத்தில் 7000 ஓக் மரம் நட ஆரம்பித்தார், ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் ஒரு எரிமலைப் பாறை. அவர் 1986ல் செத்தபின் 1987ல்தான் கடைசி மரம் நடப்பட்டது. அது நடுகிற கலை. நிழல் கொடுக்கும், ஊர் மாறும், நல்ல காரியம். ஹோர் ஒரு செடிகூட நடவில்லை. அவரிடம் பாய்ஸைத் தேடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: நிலத்தின் நாசமும் நிலத்தில் உழைக்கிறவனின் நாசமும் ஒரே உத்தரவில் நடக்கின்றன என்பது அவருக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரியும், சூழல் என்ற சொல் நம் பேச்சுக்கு வருவதற்கு வெகு முன்னால். படகை உடைத்தால் ஆறும் செத்தது, மீனவனும் செத்தான். மரத்தையும் மனிதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததற்கு நான் கண்டுபிடிக்க முடிந்த நியாயம் இவ்வளவுதான். அது கொஞ்சமல்ல என்றும் தோன்றுகிறது.

ஹோருக்கே வெள்ளைத்தாள் போதவில்லை என்று நினைக்க இடமிருக்கிறது. 1974 வாக்கில் அவர் வெண்கலத்துக்குப் போனார். மெழுகுத் தகடுகளைச் சூடாக்கி, கிழித்து, மடித்து, ஒட்டி, அப்படியே வார்ப்பது. பெரும்பாலும் கையில் எடுத்துப் பார்க்கிற அளவு உருவங்கள். போய்விட்டது என்று அவர் சொன்ன பொருள் அங்கே திரும்பி வருகிறது: குந்தியிருக்கிற ஆள், ஆடு, நாய், பிள்ளையைத் தூக்கின தாய். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கிழிந்த தகடு. ஆனாலும் தலை இருக்கிறது, தலை சாய்ந்திருக்கிற திக்கு இருக்கிறது. காயம் ஆளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது போல. வியட்நாம் ஜனங்களை மனதில் வைத்து அவர் செய்த தாயும் சேயும் மட்டும் பெரிது. 1977ல் வேலை முடிந்த கையோடு அது கலாபவனத்திலிருந்து திருடு போயிற்று. 2006ல் அவர் சாகும்வரை கிடைக்கவில்லை. கலைப்பொருள் என்று எடுத்தார்களா, எடைக்குப் போடவென்று எடுத்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறமும் அவர் வார்த்துக்கொண்டுதான் இருந்தார், சிறிது சிறிதாக.